அப்பாவுக்கு 90, மகனுக்கு 140: ஹிப் ஹாப் கேள்வி – பதில்

எனக்கு வயது 50. கல்லூரி நாட்களில் நியூயார்க் ராப் கேசட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டவன். இப்போது என் மகன் கேட்கும் ராப்பில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மென்று விழுங்குகிறார்கள். இதையும் ராப் என்றுதான் சொல்ல வேண்டுமா?
– மதுரை வாசகர்

ராப்தான். ஆனால் உங்கள் பாட்டில் திறமை இருந்த இடம் வேறு, அவர் பாட்டில் இருக்கும் இடம் வேறு. நீங்கள் உங்கள் இடத்திலேயே தேடுவதால் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை.

முதலில் தாளத்தைப் பாருங்கள். 90களின் நியூயார்க் ராப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 எண்ணிக்கையை ஒட்டி ஓடும். நான்கு எண்ணிக்கை ஒரு பார். ஸ்னேர் என்ற கூர்மையான டிரம் அடி 2லும் 4லும் விழும். ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு அசை வைக்க இடம் உண்டு. சொற்கட்டில் சொன்னால் தகதிமி, சதுஸ்ர நடை. 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் சுமார் 43 விநாடி நீளும். கதை சொல்ல, உவமை அடுக்க, இடையில் மூச்சு விட அது தாராளமான இடம்.

அட்லாண்டாவில் வளர்ந்த ட்ராப் என்ற ராப் வகையை சாஃப்ட்வேரில் போட்டால் 140 என்று காட்டும். ஸ்னேர் மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும் விழுவதால் தலை 70க்குத்தான் ஆடும். அதன் மேல் ஓர் எண்ணிக்கைக்கு மூன்று அசை: தகிட, தகிட, தகிட. திஸ்ர நடை. கணக்குப் போடுங்கள். 90இல் நான்கு என்றால் நிமிடத்துக்கு 360 அசை, 140இல் மூன்று என்றால் 420. நிதானமாகத் தலையாட்ட வைக்கும் அந்தப் பாட்டில் நாக்கு உங்கள் காலத்துப் பாட்டைவிட வேகமாக ஓடுகிறது. மெய்யெழுத்துகள் தேய்வதற்கு அது ஒரு காரணம்.

இந்த நடையை 2013இல் மிகோஸ் குழு உலகமெங்கும் பரப்பியது. ஆனால் 90களிலேயே மெம்ஃபிஸ் நகரில் த்ரீ சிக்ஸ் மாஃபியா இதைச் செய்துகொண்டிருந்தது. அதாவது நீங்கள் கேசட் தேடிய அதே ஆண்டுகளில். அந்தக் கேசட் உங்கள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் குரல். 1997இல் ஆட்டோ-ட்யூன் வந்தது. பாடகர் சற்றே சுதி விலகினால் சரிசெய்வதற்கான கருவி அது. திருத்தும் வேகத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்காமல் குதிக்கும். 2005இல் டி-பெய்ன் இதைத் தன் அடையாளமாக்கினார். 2008இல் கான்யே வெஸ்ட் ஓர் ஆல்பம் முழுக்க இதில் பாடினார். அந்த ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ராப்பரின் குரல் செய்தி வாசிக்கும் குரல் அல்ல, ஒரு வாத்தியம். நாதஸ்வரத்தில் சொல்லைத் தேடுவோமா? சொல்லை வேண்டுமென்றே இழுத்துக் குழைத்து, அந்த ஒலியாலேயே சோர்வையோ மிதப்பையோ காட்டுகிறார்கள்.

எல்லாரும் அதை நன்றாகச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். குழறல் ஒரு தேர்வாக இருக்கும் பாட்டும் உண்டு, சொல்ல எதுவும் இல்லாததால் குழறும் பாட்டும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மகனை உட்காரவைத்து, அவர் தேர்ந்தெடுத்த ஒரே பாட்டை மூன்று முறை இயர்போனில் கேளுங்கள். முதல் முறை ஹை-ஹாட்டை, அதாவது 'டிக் டிக்' என்று ஓடும் சிம்பல் ஒலியை மட்டும். இரண்டாம் முறை பிரதான குரலை மட்டும், தகிட எங்கே தகதிமியாக மாறுகிறது என்று விரலால் எண்ணியபடி. மூன்றாம் முறை பின்னால் வரும் 'ஏ', 'ஸ்கர்' போன்ற ஆட்-லிப் குரல்களை மட்டும். நல்ல பாட்டில் இந்த மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடும். பிறகு உங்கள் பாட்டு ஒன்றை அவர் மூன்று முறை கேட்கட்டும்: டிரம், எதுகை, கதை. ஒரு மாலைக்கு இரண்டு பாட்டு போதும்.

லேப்டாப்பில் 808 பேஸ் வைத்து பீட் செய்கிறேன். ஹெட்ஃபோனில் இடிபோல் இருக்கிறது. அப்பாவுக்கு ஃபோனில் போட்டுக் காட்டினால், 'பேஸே இல்லையே' என்கிறார். எங்கே தவறு?
– திருப்பூர் வாசகர்

உங்கள் அப்பா சொல்வது உண்மை. அந்த ஃபோனில் பேஸ் இல்லை.

ட்ராப்பில் 808இன் (பழைய டிரம் இயந்திரமொன்றின் ஆழ்ந்த அடி ஒலி) ஆதார ஸ்வரம் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கீழ் எஃப் 43.65 ஹெர்ட்ஸ், அடுத்த ஜி 49. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஃபோன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. 90களின் பீட்டில் பேஸ் கிட்டாரின் மேல் ஒலிகளும் கிக் டிரம்மின் 'டப்' சத்தமும் கலந்திருந்ததால் அது சின்ன ரேடியோவிலும் கேட்டது. இரண்டு தலைமுறையும் ஒரே பாட்டைப் பற்றிச் சண்டையிடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் இரண்டு வெவ்வேறு ஸ்பீக்கர்களைக் கேட்டுக்கொண்டிருப்பது பல வீடுகளில் நடக்கிறது.

சரிசெய்வது இப்படி. 808 டிராக்கை நகலெடுங்கள். நகலில் டிஸ்டார்ஷன் போட்டு, அதன் பிறகு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். டிஸ்டார்ஷன் மேல் ஒலிகளை உண்டாக்கும். அந்த மேல் ஒலிகளைக் கேட்ட காது, இல்லாத அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். நகலின் ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, ஃபோனில் பேஸின் மெட்டு புரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் காரில் கரகரக்கும்.

இன்னும் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. 808ஐப் பாட்டின் சுதிக்குச் சேர்க்காமல் விடுவது முதல் தவறு. சாம்பிளின் சொந்த ஸ்வரம் எது என்று ட்யூனரில் பார்த்து, அதையே கீபோர்டில் ஆதாரமாக வையுங்கள். அடுத்தது, முந்தைய 808 முடியுமுன் அடுத்தது ஒலித்து இரண்டும் மோதுவது. எஃப்.எல். ஸ்டுடியோவில் 'கட் இட்செல்ஃப்' என்ற ஒரே பொத்தான் இதைத் தீர்க்கும். மூன்றாவது, கிக்கும் 808ம் ஒரே நொடியில் முட்டிக்கொள்வது. கிக்கைக் குட்டையாக வெட்டி, அது அடிக்கும் கணத்தில் மட்டும் 808 தாழும்படி சைடுசெயின் கம்ப்ரெசர் போடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக, இரு பக்கமும் ஒரே ஒலியாக இருக்கட்டும்.

ஒரு செய்தி, அப்பாவிடம் சொல்லுங்கள். ரோலண்ட் டி.ஆர்-808 இயந்திரம் 1980இல் வந்து 1983இலேயே நின்றுவிட்டது. விற்றது சுமார் 12,000. உண்மையான டிரம்போல ஒலிக்கவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். பிறகு அது பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததால்தான் பணமில்லாத இளைஞர்கள் கைக்கு வந்தது. உங்கள் பீட்டின் அடித்தளம் அப்பா காலத்துப் பொருள்.

இரண்டு டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறேன். ஹிப் ஹாப் தொடங்கிய காலத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்களே, அதைக் கையால் செய்து பார்க்க ஆசை. எப்படி?
– கோவை வாசகர்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க், ப்ராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. பள்ளி திறக்கப்போகும் நேரம், புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்ப்பெல் கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். அண்ணன் கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967இல் அமெரிக்கா வந்தவர் ஹெர்க். பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகத்தான் ஆட்டக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அந்தத் துண்டுக்குப் பெயர் 'ப்ரேக்'. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் ப்ரேக் முடியும்போது மற்றதில் அதைத் தொடங்கினார். பின்னர் க்ராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அதைத் துல்லியமான கணக்காக்கினார். தட்டின் மேல் க்ரேயானால் கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் இழுக்க வேண்டும் என்று எண்ணினார்.

அந்தக் கணக்கு இது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பாட்டு 100 வேகம், ப்ரேக் நான்கு பார் என்றால் 9.6 விநாடி, அதாவது ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல். ஆகவே முடிந்த தட்டை ஐந்து முழுச் சுற்றும் இன்னொரு மூன்றில் ஒரு பங்கும் பின்னால் இழுத்தால் ப்ரேக்கின் தலைப்பில் நிற்பீர்கள்.

செய்முறைக்கு வருவோம். ஒரே தட்டில் இரண்டு பிரதி. இரண்டிலும் ப்ரேக் தொடங்கும் இடத்தில் ஊசியை நிறுத்தி, லேபிளின் மேல் 12 மணி நிலைக்கு ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இடது தட்டு ஓடட்டும். வலது தட்டை ஹெட்ஃபோனில் கேட்டபடி ஸ்டிக்கர் 12இல் இருக்கும்படி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தட்டு மட்டும் நிற்க வேண்டும். இடதில் நான்காவது பாரின் நான்காம் எண்ணிக்கை முடிந்து அடுத்த ஒன்றில் வலது தட்டை லேசாக முன்னே தள்ளி விடுங்கள், கூடவே கிராஸ்ஃபேடரை (எந்தத் தட்டு ஒலிக்க வேண்டும் என்று மாற்றும் பிடியை) வலப்பக்கம் எறியுங்கள். உடனே இடது தட்டைப் பின்னால் சுற்றி 12க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு உங்களுக்கு 9 விநாடி இருக்கிறது. முதல் வாரம் அது போதவே போதாது.

தட்டு வழுக்காவிட்டால் அடியில் ரப்பர் பாய் இருக்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய ஃபெல்ட் துணிப் பாய் போடுங்கள். துணி தொய்ந்தால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள். விட்டவுடன் சுதி தாழ்ந்து ஏறினால் உங்களுடையது பெல்ட் டிரைவ் கருவி. அதில் இந்த வேலை நடக்காது, டைரக்ட் டிரைவ் வேண்டும். ஊசி குதித்தால் அழுத்தம் போதவில்லை. உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட உச்ச அளவுக்கு ஏற்றுங்கள், டி.ஜே. வகைகளில் பலவற்றுக்கு அது 3 கிராம் முதல் 4 கிராம் வரை.

80களின் இறுதியில் ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து பழைய பாட்டுகளின் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். அந்த அடர்த்தி இப்போது ஏன் இல்லை? அந்தக் கரகரப்பை லேப்டாப்பில் கொண்டுவர முடியுமா?
– சென்னை வாசகர்

அடர்த்தியைக் கொன்றது சட்டம். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ராப்பர் பிஸ் மார்க்கியின் ஒரு பாட்டில் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் துண்டு அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முதல் வரி பைபிளின் 'திருடாதிருப்பாயாக'. அதன்பின் எந்த கம்பெனியும் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்தில் அனுமதி கேட்காமல் வெளியிடத் துணியவில்லை. ஒரு துண்டுக்கு இரண்டு அனுமதி: பாட்டை எழுதியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. பதினைந்து துண்டு என்றால் முப்பது கதவு. டி லா சோல் குழுவின் 1989 ஆல்பம் இதே உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச் 3 வரை ஸ்ட்ரீமிங்கில் வர முடியவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் அதைக் கேட்காமலே வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவில்லை என்று குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு இதில் வருத்தம் உண்டு.

துண்டை அப்படியே எடுக்காமல், அதே மெட்டை நீங்களே வாசித்துப் பதிவுசெய்தால் பாட்டை எழுதியவரின் உரிமை மட்டும் போதும். செலவும் குறையும்.

கரகரப்புக்கு வருவோம். 1987இல் வந்த எஸ்.பி-1200 சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் இயந்திரம்) மொத்த நினைவகம் 10 விநாடி. ஒரு துண்டு 2.5 விநாடியைத் தாண்டக் கூடாது. இடம் மிச்சம்பிடிக்க, 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு இயந்திரத்தில் சுதியைத் தாழ்த்தினார்கள். இதனால் 2.5 விநாடியில் சுமார் 3.4 விநாடி இசை அடங்கியது. அப்படித் தாழ்த்தும்போது 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் மாதிரியின் குறைகள் பெரிதாகி ஒரு மணல் சத்தமாக வெளிவந்தன. அந்தக் காலத்தின் ஒலி என்று எல்லாரும் ஏங்குவது அதைத்தான்.

லேப்டாப்பில்: துண்டை ஐந்து செமிடோன் மேலே ஏற்றுங்கள். பிட்-க்ரஷரில் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் வைத்து அதைப் புதிய ஆடியோவாகப் பதிவுசெய்யுங்கள். பிறகு அதே ஐந்து செமிடோன் கீழே இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வேகமும் சேர்ந்து மாற வேண்டும். சுதியையும் வேகத்தையும் தனித்தனியே பிரிக்கும் டைம்-ஸ்ட்ரெட்ச் இயங்கிக்கொண்டிருந்தால் மணல் வராது, சளிப்பிடித்த குரல் மாதிரி ஒன்றுதான் வரும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

பாட்டெல்லாம் ஏன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது?
– தஞ்சாவூர் வாசகர்

ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஐந்து நிமிடப் பாட்டுக்கும் இரண்டு நிமிடப் பாட்டுக்கும் காசு ஒன்றுதான். அதனால் நீண்ட முன்னிசை போயிற்று, மூன்றாம் வெர்ஸ் போயிற்று. சிடி காலத்தில் இதன் மறுபக்கம் நடந்தது: 70 நிமிடத்துக்கு மேல் இடம் இருந்ததால் நாடகத் துணுக்குகளையும் தேவையற்ற பாட்டுகளையும் போட்டு நிரப்பினார்கள். 2019இல் 19 வாரம் அமெரிக்க முதலிடத்தில் நின்ற லில் நாஸ் எக்ஸின் பாட்டு, முதலில் வந்த வடிவில் 1 நிமிடம் 53 விநாடி. அதன் பீட்டை அவர் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியிருந்தார்.

வீட்டில் பதிவுசெய்தால் நன்றாக வருகிறது. மேடையில் இரண்டாவது வெர்ஸிலேயே மூச்சு வாங்குகிறது. மூத்த ராப்பர்கள் எப்படி ஒரு மணி நேரம் நிற்கிறார்கள்?
– புதுச்சேரி வாசகர்

நீங்கள் வரி வரியாகப் பதிவுசெய்பவராக இருக்க வேண்டும். 'பஞ்ச்-இன்' என்பார்கள். காகிதம் இல்லாமல் மைக் முன் நின்று ஒரு வரி, நிறுத்தம், அடுத்த வரி. புதிய வரிகள் நாக்கில் தானாக வந்து விழ அது அருமையான முறை. ஆனால் ஒரு வரியின் கடைசி அசையும் அடுத்த வரியின் முதல் அசையும் ஒட்டிக்கொள்வதால் மூச்சுக்கு இடமே இல்லாத வெர்ஸ் உருவாகிவிடுகிறது. முன்பு பூங்காவிலும் க்ளப்பிலும் பாடிப் பழகிய பிறகுதான் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மூச்சு எழுத்திலேயே இருந்தது.

பதிவு முடிந்ததும் வெர்ஸைத் தாளில் எழுதுங்கள். இரண்டு பாருக்கு ஒரு முறை மூச்சுக்குறி போடுங்கள். குறி விழும் இடத்தில் ஓர் அசையை வெட்டுங்கள், பெரும்பாலும் 'அந்த', 'இந்த' போன்ற நிரப்புச் சொல் ஒன்று அங்கே இருக்கும். பிறகு வேகமாக நடந்துகொண்டே முழு வெர்ஸையும் சொல்லுங்கள். நடக்கும்போது முடிந்தால் மேடையிலும் முடியும். பின்னணி டிராக்கில் உங்கள் பிரதான குரலை எடுத்துவிட்டு ஆட்-லிப்பையும் கோரஸின் இரட்டைக் குரலையும் மட்டும் விடுங்கள். பிரதான குரலும் ஓடினால் கூட்டத்துக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் ராப் எழுதுகிறேன். என் மாமா யோகி பி தலைமுறை, அவருக்கு என் வரிகள் 'சப்பென்று' இருக்கின்றனவாம். எதுகை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
– கோலாலம்பூர் வாசகர்

மாமாவின் காது சரி என்றே நினைக்கிறோம். 2006இல் மலேசிய ராப்பர் யோகி பியின் 'வல்லவன்' ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அடர்த்தியான சொல்லடுக்குக்குப் பழகியவர்கள்.

ஆங்கில ராப்பில் ரைம் என்பது நம் யாப்பில் இயைபு, அடியின் கடைசி ஒலி பொருந்துவது. தமிழில் அது மிக மலிவாகக் கிடைக்கிறது. வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று விகுதியே பொருந்திவிடும். 'தெருவுல நடந்தேன், மழையில நனைஞ்சேன்' என்பதில் பொருந்துவது 'ஏன்' மட்டும். காது அதைப் பொருத்தமாகவே எண்ணாது. இதோடு ஒப்பிடுங்கள்:

தூக்கத்தத் தொலச்சு எழுதுன தாளு
ஏக்கத்தத் தொடச்சு பழகுன நாளு

நான்கு சொல்லும் நான்கு சொல்லோடு, நின்ற இடத்திலேயே பொருந்துகின்றன. தொடக்கத்தில் எதுகை, முடிவில் இயைபு, நடுவிலும் விடவில்லை. 1987இல் நியூயார்க் ராப்பர் ரக்கீம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மாற்றம் இதுதான். அதுவரை பெரும்பாலும் வரிக் கடைசியில் விழுந்த ரைமை அவர் வரியின் வயிற்றுக்குள் கொண்டுபோனார். சாக்ஸஃபோன் வாசித்தவர் என்பதால் ஒலியை அப்படி அடுக்க முடிந்தது.

அடுத்தது அசைக் கணக்கு. இங்கே அசை என்பது நேர், நிரை அல்ல, ஓர் உயிரொலி கொண்ட துண்டு. 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' ஏழு அசை. 'பாத்துட்ருக்கேன்' நான்கு. 16 இடமுள்ள பாரில் எழுத்துத் தமிழ் பாதி இடத்தை ஒரே வினைக்குத் தின்றுவிடும். பேச்சுத் தமிழில் எழுதுங்கள், அதுவும் உங்கள் ஊர்ப் பேச்சில். நெடில் வரும் அசைக்கு இரண்டு இடம் ஒதுக்கி, அதை ஸ்னேர் விழும் எண்ணிக்கையில் உட்கார வையுங்கள். ஸ்னேரில் குறில் விழுந்தால் வரி நொண்டும். மாமா சப்பென்று சொன்ன வரிகளில் முதலில் இதைச் சோதித்துவிட்டு, அவரிடமே திரும்பப் பாடிக் காட்டுங்கள்.